நிரலின் 'இங்கே' எங்கே இருக்கிறது?

கணினி ஆய்வகத்தில் ஆசிரியர் அடிக்கடி கேட்கும் முறையீடுகள் இரண்டு. "சார், நேத்து சேவ் பண்ணின ஃபைலைக் காணோம்" என்பது ஒன்று. "மிஸ், புரோகிராம் சரியாத்தான் இருக்கு, ஆனா ஃபைல் இல்லைன்னு வருது" என்பது மற்றொன்று. உடனே வைரஸ் மீது சந்தேகம் எழும். கணினி பழுது என்போம். பல நேரங்களில் மாணவரின் கவனக்குறைவு என்று முடித்துவிடுவோம். பெரும்பாலான நேர்வுகளில் இவை எதுவும் காரணமில்லை. கோப்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது. நிரல் வேறோர் இடத்தில் தேடிவிட்டு, இல்லை என்று சொல்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் வழியாக சிஎஸ்வி கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் மாணவர் கற்கிறார். செய்முறைத் தேர்வில் சரியாக எழுதிய நிரல் பிழைச் செய்தியோடு நின்றால், அதைத் தன் தவறு என்றே அவர் எண்ணுவார். இருபது வரியையும் அழித்துவிட்டு மீண்டும் தட்டச்சு செய்யும் மாணவர்கள் உண்டு. ஆசிரியருக்கு ஒரே ஒரு கேள்வி தெரிந்திருந்தால் அந்த உழைப்பும் பதற்றமும் மிச்சம். அந்தக் கேள்வி: "இந்த நிரல் இப்போது எந்தக் கோப்புறையில் நிற்கிறது?"

முழு முகவரியும் சார்பு முகவரியும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வழியில், ஏறக்குறையப் பாதித் தொலைவில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் நிற்பவரிடம் "திருக்கழுக்குன்றம் போகக் கிழக்கே செல்லுங்கள்" என்றால் சரியாகப் போய்ச் சேர்வார். அதே வாசகத்தை மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் அருகே நிற்பவரிடம் சொன்னால் அவர் வங்கக் கடலில்தான் இறங்க வேண்டும். வாசகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கேட்டவர் நிற்கும் இடம் மாறியது. அதனால் பொருள் மாறியது.

கணினியில் 'மதிப்பெண்.சிஎஸ்வி' என்று பெயரை மட்டும் எழுதுவது இத்தகைய வழிகாட்டல். "நான் நிற்கும் கோப்புறையில் மதிப்பெண்.சிஎஸ்வி என்ற கோப்பு" என்பதே அதன் பொருள். இதைச் சார்பு முகவரி எனலாம். 'சி' இயக்ககத்தில் தொடங்கி, பயனர் கோப்புறை, ஆவணக் கோப்புறை, வகுப்புக் கோப்புறை என்று ஒவ்வொரு படியையும் எழுதினால் அது முழு முகவரி. யார் எங்கிருந்து படித்தாலும் அது ஒரே இடத்தைத்தான் காட்டும்.

அப்படியானால் எப்போதும் முழு முகவரியையே எழுதச் சொல்லலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாமல்லபுரத்தின் முகவரியை மேலிருந்து எழுதினால் தமிழ்நாடு, செங்கல்பட்டு மாவட்டம், திருக்கழுக்குன்றம் வட்டம், மாமல்லபுரம் என்று வரும். 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாவதற்கு முன்பு அதே ஊரின் முகவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றிருந்தது. ஊர் நகரவில்லை, மேலே உள்ள ஒரு படியின் பெயர் மாறியது, பழைய முழு முகவரிகள் அனைத்தும் பழையவை ஆயின. "திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே உள்ள கடற்கரை ஊர்" என்ற குறிப்பு மட்டும் முன்பும் சரி, இப்போதும் சரி. அதுபோல, முழு முகவரியோடு எழுதிய நிரலை வீட்டுக் கணினியிலிருந்து பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால், அங்கே பயனர் பெயர் வேறாக இருக்கும், நிரல் இயங்காது. சார்பு முகவரியோடு எழுதிய நிரலும் தரவுக் கோப்பும் ஒரே கோப்புறையில் சேர்ந்து பயணம் செய்யும். இரண்டுக்கும் பயன் உண்டு. சார்பு முகவரியைப் பயன்படுத்துபவர், நிரல் நிற்கும் இடத்தை அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிற்கும் இடத்தை யார் தருகிறார்கள்?

இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இயக்க அமைப்பு ஒரு கோப்புறையைக் குறித்து வைத்திருக்கிறது. இதை நடப்புக் கோப்புறை என்போம். நோட்பேடுக்கு ஒன்று, பைத்தானுக்கு ஒன்று, கட்டளைச் சாளரத்துக்கு ஒன்று என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்கும். ஒரே நோட்பேடை இருமுறை திறந்தால் இரண்டுக்கும் வெவ்வேறாகக்கூட இருக்கலாம்.

நிரல் நிறுவப்பட்டுள்ள இடமே அதன் நடப்புக் கோப்புறை என்று பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. ஒரு நிரலைத் தொடங்கிவைக்கும் மற்றொரு நிரல், வேறு எதுவும் சொல்லாவிட்டால், தன் நடப்புக் கோப்புறையையே அதற்கும் கொடுக்கிறது. தாய் நிற்கும் இடத்தில் பிள்ளை பிறக்கிறது. பிறந்த பிறகு பிள்ளை வேறிடம் நகரலாம். அதனால் தாயின் இடம் மாறாது.

இவ்விதி உருவான வரலாறு வகுப்பில் சொல்லத் தக்கது. 1969 முதல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யூனிக்ஸ் இயக்க அமைப்பை உருவாக்கினார்கள். கோப்புறை மாற்றுவதற்கு 'சிஎச்டிர்' என்ற கட்டளை இருந்தது. இன்றைய 'சிடி' கட்டளையின் மூதாதை அது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு புதிய பிள்ளை நிரலை உருவாக்கி இயக்கும் முறையை அவர்கள் கொண்டுவந்தபோது, அதுவரை ஒழுங்காக இருந்த இந்தக் கட்டளை திடீரென வேலை செய்யாமல் போனது. ஆராய்ந்து பார்த்தால், கட்டளை சரியாகத்தான் இயங்கியது. பிள்ளை நிரல் சொன்ன கோப்புறைக்கு நகர்ந்தது. அத்துடன் அதன் ஆயுள் முடிந்தது. தாய் நிரலான கட்டளைச் சாளரம் நின்ற இடத்திலேயே நின்றது. எனவே இந்தக் கட்டளையை மட்டும் பிள்ளையிடம் ஒப்படைக்காமல் கட்டளைச் சாளரம் தானே செய்யும்படி மாற்றினார்கள். ரிட்சியே இதைப் பின்னாளில் யூனிக்ஸின் வளர்ச்சி பற்றிய கட்டுரையில் எழுதியிருக்கிறார். லினக்ஸிலும் விண்டோஸிலும் 'சிடி' இன்றும் அப்படியே இருக்கிறது.

தொடங்கும் வழி மாறினால் இடமும் மாறும்

ஒரே உரைத்திருத்தியை விண்டோஸில் நான்கு வழிகளில் திறக்கலாம். ஒவ்வொன்றிலும் நடப்புக் கோப்புறை வேறுபடக்கூடும்.

முதலாவது, முகப்புத் திரையிலுள்ள குறுக்குவழிப் படத்தை இருமுறை சொடுக்குவது. அந்தப் படத்தின் மேல் வலப்பக்கம் சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்தால் 'ஸ்டார்ட் இன்' என்றொரு கட்டம் இருக்கும். அங்கே எழுதியிருக்கும் கோப்புறையிலிருந்துதான் நிரல் தொடங்கும். ஆய்வகக் கணினிகளில் ஆசிரியர் தாமே மாற்றி அமைக்கக்கூடிய இடம் இது.

இரண்டாவது, கோப்பையே இருமுறை சொடுக்குவது. பொதுவாக அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையே நடப்புக் கோப்புறையாகும். பைத்தான் கோப்பை இப்படி நேரடியாக இயக்கினால் பக்கத்திலுள்ள தரவுக் கோப்பை அது கண்டுபிடித்துவிடுவது இதனால்தான்.

மூன்றாவது, கட்டளைச் சாளரத்தில் பெயரைத் தட்டச்சு செய்வது. சாளரம் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிரலும் நிற்கும். வழக்கமாகத் திறந்தால் அது பயனரின் சொந்தக் கோப்புறை. நிர்வாகி உரிமையுடன் திறந்தால் விண்டோஸின் 'சிஸ்டம்32' கோப்புறை. பின்னதில் மாணவர் கோப்பு எதையும் சேமிக்கக் கூடாது.

நான்காவது, கோப்புறையைத் திறந்து அதன் மேலுள்ள முகவரிப் பட்டையில் 'சிஎம்டி' என்று தட்டி என்டர் விசையை அழுத்துவது. கட்டளைச் சாளரம் அதே கோப்புறையில் நின்றபடி திறக்கும். ஆய்வகத்துக்கு மிகவும் ஏற்ற வழி இது.

2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் முனையத்தைத் திறந்தால் அது பயனரின் இல்லக் கோப்புறையில் நிற்கும். கோப்புறைக்குள் வலப்பக்கம் சொடுக்கி 'முனையத்தில் திற' என்பதைத் தேர்ந்தால் அந்தக் கோப்புறையில் நிற்கும். இரு அமைப்புகளையும் கையாளும் மாணவர் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். வேறு எதுவும் சேர்க்காமல் 'சிடி' என்று மட்டும் தட்டினால், விண்டோஸ் நிற்கும் இடத்தைச் சொல்லும். லினக்ஸோ இல்லக் கோப்புறைக்கே திரும்பிவிடும். லினக்ஸில் இடத்தை அறிய 'பிடபிள்யூடி' என்ற கட்டளை உண்டு.

காணாமல் போகாத கோப்பு

லினக்ஸில் 'நானோ', 'விம்' போன்ற திருத்திகளைப் பயன்படுத்தும் மாணவர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நேற்று எழுதிய கோப்பின் பெயரை இன்று வேறு கோப்புறையில் நின்றபடி கொடுக்கிறார். அங்கே அப்படி ஒரு கோப்பு இல்லை. திருத்தி இதைப் பிழையாகக் கருதாது. அந்தப் பெயரில் புதிய கோப்பு தொடங்குவதாகக் கருதி வெற்றுத் திரையைக் காட்டும். கீழே 'புதியது' என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு குறிப்பு மட்டும் வரும். மாணவர் அதைக் கவனிப்பதில்லை. எழுதியதெல்லாம் அழிந்துவிட்டது என்று நம்பி முதலிலிருந்து எழுதத் தொடங்குகிறார். நாள் இறுதியில் ஒரே பெயரில் இரு கோப்புகள் இரண்டு இடங்களில் இருக்கும். விண்டோஸ் நோட்பேடைக் கட்டளைச் சாளரத்திலிருந்து திறந்தால், கோப்பு இல்லாதபோது "புதிதாக உருவாக்கவா?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் 'ஆம்' சொல்லும் முன் நின்று யோசிக்க வேண்டும் என்று மாணவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

சேமிக்கும் பெட்டி எதை நினைவில் வைக்கிறது?

பட்டியலிலிருந்து 'திற', 'சேமி' என்று தேர்ந்தெடுப்பவர்களுக்கு இன்னோர் அடுக்கு இருக்கிறது. அப்போது தோன்றும் பெட்டி எந்தக் கோப்புறையைக் காட்ட வேண்டும் என்பது தனியான ஒரு முடிவு. விண்டோஸின் பொதுவான பெட்டி, அந்தச் செயலியில் கடைசியாகப் பயன்படுத்திய கோப்புறையைப் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கும். நினைவு ஏதும் இல்லையெனில், செயலி சொல்லும் கோப்புறை, நடப்புக் கோப்புறை, பயனரின் ஆவணக் கோப்புறை என்று வரிசையாகப் பார்க்கும்.

ஆய்வகத்தில் எல்லா மாணவரும் ஒரே பயனர் கணக்கில் நுழைந்தால் இந்த நினைவாற்றலே தொல்லையாகிறது. காலையில் அமர்ந்த மாணவி கடைசியாகத் திறந்த கோப்புறை, பிற்பகலில் அமரும் மாணவருக்குத் தோன்றும். இருவரும் தம் கோப்புக்குப் 'பயிற்சி1' என்று பெயரிட்டிருந்தால், 'மாற்றி எழுதவா?' என்ற கேள்விக்குப் படிக்காமலே 'ஆம்' என்று சொடுக்கிய கணத்தில் முதல் மாணவியின் வேலை போய்விடும். முதலில் சொன்ன முறையீடுகளில் உண்மையாகவே கோப்பு அழியும் நேர்வு இதுதான்.

சில திருத்திகள் இந்த முடிவை நம்மிடமே விடுகின்றன. நோட்பேட்++ செயலியில் 'ப்ரிஃபரன்ஸஸ்' பகுதியில் 'டிஃபால்ட் டைரக்டரி' என்ற பக்கத்தைத் திறந்தால் மூன்று தெரிவுகள் இருக்கும். திறந்திருக்கும் கோப்பின் கோப்புறையைப் பின்பற்றலாம். கடைசியாகப் பயன்படுத்தியதை நினைவில் வைக்கலாம். குறிப்பிட்ட ஒரு கோப்புறையை நிலையாக வைக்கலாம். கீனி என்ற திருத்தியிலும் தொடக்கக் கோப்புறையைக் குறித்துவைக்கும் வசதி உண்டு. அதற்கு முழு முகவரி தர வேண்டும். ஈமேக்ஸ் வேறு வழியில் போகிறது. திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அதனதன் கோப்புறையைத் தனித்தனியே நினைவில் வைக்கிறது. விம் பொதுவாக நிரல் முழுமைக்கும் ஒரே நடப்புக் கோப்புறையை வைத்துக்கொள்கிறது. விரும்பினால் திறந்த கோப்பைப் பின்தொடரச் செய்யலாம்.

திருத்தியில் எழுதி அங்கேயே இயக்கும்போது

மேல்நிலை வகுப்புகளில் மிகுதியான குழப்பம் இங்கேதான். 'கூட்டு.பை' என்ற நிரலும் 'மதிப்பெண்.சிஎஸ்வி' என்ற தரவும் 'பயிற்சி' என்ற கோப்புறையில் அருகருகே இருப்பதாகக் கொள்வோம். நிரலில் தரவின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

ஐடில் செயலியில் திறந்து எஃப்5 விசையை அழுத்தினால் நிரல் இயங்கும். ஐடில், நிரலை இயக்கும் முன் அது இருக்கும் கோப்புறைக்குத் தானே நகர்ந்துவிடுகிறது. விஎஸ் கோடு செயலியில் 'பயிற்சி'க்கு மேலுள்ள கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு அதே நிரலை இயக்கினால், வழக்கமான அமைப்பில் அதன் முனையம் மேல் கோப்புறையில் நிற்கும். தரவைக் காணவில்லை என்று 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' பிழை வரும். நிரலில் தவறு இல்லை. வீட்டில் இயங்கியது பள்ளியில் இயங்கவில்லை என்று மாணவர் சொல்வதில் பொய்யும் இல்லை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அதே கோப்புறையில் மாணவர் எழுதிய வேறொரு பைத்தான் கோப்பை 'இம்போர்ட்' செய்தால் அது சரியாகக் கிடைக்கும். பக்கத்திலிருக்கும் சிஎஸ்வி மட்டும் கிடைக்காது. "ஒன்றைக் கண்டவன் மற்றொன்றை ஏன் காணவில்லை?" என்று மாணவர் கேட்பது நியாயமே. 'இம்போர்ட்' கட்டளை முதலில் நிரல் இருக்கும் கோப்புறையில் தேடும். 'ஓபன்' செயற்கூறோ நடப்புக் கோப்புறையில் தேடும். இரண்டும் ஒரே இடமாக இருக்கும்வரை இந்த வேறுபாடு வெளியே தெரிவதில்லை.

படிக்கும்போது பிழைச் செய்தியாவது வருகிறது. எழுதும்போது அதுவும் வராது. 'டபிள்யூ' முறையில் ஒரு கோப்பைத் திறந்தால், நடப்புக் கோப்புறை எதுவானாலும் பைத்தான் அங்கே புதிய கோப்பை உருவாக்கி எழுதிவிடும். தேர்வறையில் ஆசிரியர் 'பயிற்சி' கோப்புறையைத் திறந்து பார்ப்பார். வெளியீட்டுக் கோப்பு இருக்காது. ஒரு படி மேலே சென்று பார்த்தால் இருக்கும். மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் அந்த ஒரு படியைப் பார்க்க வேண்டியது நம் கடமை.

ஐயம் வந்தால் நிரலையே கேட்டுவிடலாம். பைத்தானின் 'ஓஎஸ்' தொகுதியில் 'கெட்சிடபிள்யூடி' என்ற செயற்கூறு இருக்கிறது. அதன் விடையை அச்சிடும் ஒரு வரியை நிரலின் தொடக்கத்தில் சேர்த்தால், நிற்கும் இடத்தின் முழு முகவரி திரையில் தோன்றும்.

ஆய்வகத்தில் செய்யக்கூடியவை

1. ஒவ்வொரு மாணவருக்கும் வகுப்பு, பிரிவு, வரிசை எண் கொண்ட பெயரில் ஒரு கோப்புறை உருவாக்குங்கள். நிரலும் தரவும் அதற்குள்ளேயே இருக்கட்டும்.

2. விஎஸ் கோடு பயன்படுத்தினால், தனிக் கோப்பைத் திறக்காமல் 'ஓபன் ஃபோல்டர்' வழியே தம் கோப்புறையைத் திறக்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

3. முதன்முறை சேமிக்கும்போது எப்போதும் 'சேவ் ஆஸ்' தேர்ந்து, பெட்டியின் மேலுள்ள முகவரியை வாய்விட்டுப் படித்த பிறகே சேமிக்கச் சொல்லுங்கள்.

4. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள், தேர்வில் பயன்படுத்தப் போகும் அதே செயலியில், அதே வழியில் திறந்து ஒரு சிறு கோப்பைப் படித்தும் எழுதியும் ஒத்திகை பாருங்கள்.

5. கோப்பைக் காணோம் என்று மாணவர் சொன்னால், புதிதாக எழுதச் சொல்லும் முன் கோப்புறைச் சாளரத்தின் தேடல் கட்டத்தில் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள்.

கணினி இல்லாமல் ஒரு வகுப்பு

இக்கருத்தைத் தொடக்க நிலையிலேயே விதைக்கலாம், மின்சாரம்கூடத் தேவையில்லை. அகச்சுட்டு, புறச்சுட்டு என்று தமிழ்ப் பாடத்தில் நடத்துகிறோம். 'இங்கே', 'அங்கே' ஆகிய சொற்கள் சொல்பவர் நிற்கும் இடத்தைக் கொண்டுதான் பொருள் தரும் என்பதைக் குழந்தைகள் இயல்பாக அறிவார்கள்.

வகுப்பில் ஒரு நோட்டுப் புத்தகத்தை ஏதாவது ஒரு பெஞ்சில் வையுங்கள். "இரண்டு பெஞ்சு முன்னால், ஒரு பெஞ்சு இடப்பக்கம்" என்று ஒரு சீட்டில் எழுதி, வெவ்வேறு இடங்களில் அமர்ந்திருக்கும் மூன்று குழந்தைகளிடம் கொடுங்கள். மூவரும் மூன்று இடங்களுக்குப் போவார்கள். ஒருவருக்கு மட்டும் புத்தகம் கிடைக்கும். மற்ற இருவரும் தவறு செய்தார்களா என்று வகுப்பைக் கேளுங்கள். பிறகு "கதவு ஓர வரிசையில் மூன்றாவது பெஞ்சு" என்று எழுதிக் கொடுங்கள். மூவரும் ஒரே இடத்தில் சந்திப்பார்கள். இறுதியாக, பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுவிட்டு எந்தச் சீட்டு இன்னும் செல்லும் என்று விவாதிக்கச் செய்யுங்கள். சார்பு முகவரி, முழு முகவரி, இரண்டின் நிறைகுறை ஆகியவை அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். நடுநிலை வகுப்பானால் உங்கள் ஊர் வரைபடத்தைக் கொண்டு, செங்கல்பட்டு–மாமல்லபுரம் சாலைபோல ஒரு வழியைத் தேர்ந்து, இரு முனைகளிலிருந்தும் நடுவிலுள்ள ஊருக்கு வழி எழுதச் சொல்லலாம்.

இவ்வாறு விளையாடி வளர்ந்த குழந்தை, பன்னிரண்டாம் வகுப்பில் 'கோப்பு இல்லை' என்ற செய்தியைப் பார்க்கும்போது தான் எழுதிய நிரலை அழிக்காது. "இது எங்கே நின்று தேடுகிறது?" என்று கேட்கும்.